தருமபுரியில் ஃப்ளோரைடு முதுகுக்கு எந்த எம்ஆர்ஐ?

"எத்தனை டெஸ்லா?" எம்ஆர்ஐ வாங்கப் போகிறோம் என்று யார் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். காந்தத்தின் பலம் எவ்வளவு என்று அர்த்தம். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஃப்ளோரைடு பாதித்த முதுகெலும்பை ஆராய்வதற்கென்று ஒரு மெஷின் எடுப்பதாக இருந்தால், அந்தக் கேள்வியை நான்காவதாகக் கேட்டால் போதும் என்பது என் கட்சி. கூன் விழுந்த முதுகோடு வருகிறவர் உருளைக்குள் படுக்க முடியுமா, கரண்ட் போனால் காந்தம் என்ன ஆகும், மெஷின் பதிவு செய்யும் மூலத் தரவை நம் கையில் கொடுப்பார்களா என்ற மூன்றும் அதற்கு முன்னால் வர வேண்டியவை.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2021 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பர்கூரிலும் தருமபுரியிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. டாக்டர்களும் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார்களும் சேர்ந்து ஆராய்ச்சி நிதிக்கு எழுதிப் போட ஏற்ற காலம். எழுதும்போது மெஷின் பெயர் போடுகிற இடத்தில் கை தானாக "3 டெஸ்லா" என்று எழுதிவிடும். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

முதலில் எதை ஆராயப் போகிறோம் என்பதைப் பார்க்கலாம். இந்தக் கருங்கல் பூமியின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இயற்கையாகவே அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமோடு நிற்கச் சொல்கிறது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை விடுகிறது. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இதைத் தாண்டிய போர்வெல்கள் பல. ஜப்பான் கடனுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பிறந்ததிலிருந்து போர் தண்ணீரே குடித்தவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். திட்டத்துக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் இன்னொரு கூட்டம். ஒரே ஊரில், ஒரே சாப்பாட்டில், தண்ணீர் மட்டும் மாறிய இரண்டு தலைமுறை! ஆராய்ச்சிக்கு இதைவிடத் தெளிவான களம் எளிதில் அமையாது.

பல்லில் விழும் பழுப்புக் கறை எல்லோருக்கும் தெரியும். முதுகெலும்பில் நடப்பது வெளியே தெரியாது. எலும்பு தடித்து, முள்ளெலும்புகளைக் கட்டி நிறுத்தும் நார்களிலும் சுண்ணாம்பு படிந்து, அவையும் எலும்பாகவே மாறுகின்றன. தண்டுவடம் போகும் பாதை சுருங்குகிறது. கழுத்து திரும்பாது, கால் மரத்துப் போகும், நடை தடுமாறும், முற்றினால் படுக்கைதான்.

இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நார் எவ்வளவு எலும்பாகியிருக்கிறது என்று அளப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் எம்ஆர்ஐ வேண்டாம், சிடி போதும். கால்சியத்தைச் சிடி பளிச்சென்று காட்டும், செலவும் குறைவு, ஸ்கேன் சில நிமிடத்தில் முடியும். எம்ஆர்ஐ வேண்டியது தண்டுவடத்துக்காக. எந்த இடத்தில் எவ்வளவு நசுங்கியிருக்கிறது, உள்ளே சேதத்தைக் காட்டும் வெள்ளைத் திட்டு இருக்கிறதா, கைகால் தளரும் முன்பே ஏதாவது அடையாளம் தெரிகிறதா என்பதற்கெல்லாம் எம்ஆர்ஐதான் வழி. விண்ணப்பத்தில் இந்த வேறுபாட்டை எழுதாவிட்டால் மதிப்பீடு செய்கிறவர் முதல் கேள்வியாக இதையே கேட்பார்.

இனி, படுக்கிறவர். சாதாரண எம்ஆர்ஐ உருளையின் துளை விட்டம் 60 செமீ. சற்று அகலமானவை 70. முற்றிய ஃப்ளோரோசிஸ் (இந்த ஃப்ளோரைடு நோய்) உள்ளவரை மேசையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். முதுகு வளைந்தே விறைத்திருப்பதால் தலை மேசையைத் தொடாது. தலைக்கு அடியில் இரண்டு மூன்று பஞ்சுத் தலையணை வைத்தால்தான் கழுத்துக்குத் தாங்கல் கிடைக்கும். அப்படி வைத்ததும் முகம் மேலே வந்துவிடும், கழுத்தைச் சுற்றி வைத்துச் சமிக்ஞையை வாங்கும் காயிலின் முன்மூடி மூடாது. மூடி இல்லாமலே உள்ளே அனுப்பினால் நெஞ்சும் தோளும் துளையின் மேல்பக்கத்தை உரசும். கை மடங்கியே இருப்பவர்களுக்கு முழங்கை இடிக்கும். பாதியில் மணியடித்து வெளியே வந்துவிடுவார். காந்தம் எத்தனை டெஸ்லாவாக இருந்தாலும் அவரிடமிருந்து ஒரு படமும் வராது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: இப்படிக் கழன்றுபோகிறவர்கள்தான் நோய் முற்றியவர்கள். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் எண்ணி எழுதும் கட்டுரையில் நோய் உள்ளதைவிட லேசாகத் தெரியும்.

ஆகவே துளையின் அகலமும், போர்வை மாதிரி வளையும் காயிலும் இந்த ஆராய்ச்சிக்கு உயிர்நாடி. சமீப வருடங்களின் பொறியியல் முன்னேற்றங்களில் அதிகம் பேசப்படாதது இந்த வளையும் காயில்தான். பழைய காயில்கள் கெட்டி பிளாஸ்டிக் கூட்டுக்குள் செம்புத் தடங்களாக இருந்தன. இப்போது மெல்லிய கம்பிச் சுற்றுகளைத் துணிக்குள் தைத்த மாதிரி வருகின்றன. உடம்பின் வளைவோடு ஒட்டி உட்காருவதால் சமிக்ஞையும் கூடுகிறது. எந்த மெஷின் எடுத்தாலும் இதைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

3 டெஸ்லா: ஆசைக்குக் குறைவில்லை

3 டெஸ்லாவின் பெருமை உண்மையானதுதான். சமிக்ஞை 1.5ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடத்துக்கு இடம் காந்தப்புலத்தை மாற்றிக் காட்டும் கிரேடியன்ட் காயில்களும் பொதுவாக வலுவானவை. தண்டுவடத்தின் நரம்பு இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எங்கே அறுபட்டிருக்கின்றன என்று நீர்மூலக்கூறுகளின் அசைவை வைத்துக் கண்டுபிடிக்கும் டிஃப்யூஷன் படத்துக்கு இந்த வலு மிகவும் தேவை. வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பங்கு 3 டெஸ்லாவில் எடுத்தது என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பதும் சுலபம்.

கைப்பு எங்கே? காந்தப்புலம் இரட்டித்தால் உடம்பில் ஏறும் ரேடியோ சூடு நான்கு மடங்காகும். எலும்பும் காற்றும் சந்திக்கும் இடங்களில் படம் நெளியும். முதுகில் அறுவை செய்து ஸ்க்ரூ போட்டவருக்கு அந்த இடமே கறுப்பாகிவிடும். ஃப்ளோரோசிஸில் அழுத்தம் நீக்க அறுவை செய்துகொண்டவர்களும் நம் ஆராய்ச்சியில் இருக்க வேண்டியவர்கள். துளையோ 60 அல்லது 70 செமீதான்.

3 டெஸ்லாவுக்கு வாதாடுகிறவர்கள் கடைசியில் ஒரு சீட்டை இறக்குவார்கள்: ஃப்ளோரின்-19. ஃப்ளோரின் அணுக்கருவும் எம்ஆர்ஐயில் பேசக்கூடியது. ஒரு டெஸ்லாவுக்கு ஹைட்ரஜன் 42.58 மெகாஹெர்ட்ஸில் ஒலித்தால் ஃப்ளோரின் 40 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலிக்கும். இயற்கையில் உள்ள ஃப்ளோரின் முழுவதுமே இந்த வகைதான். அப்படியானால் எலும்பில் சேர்ந்த ஃப்ளோரைடை நேரடியாகவே படம் பிடிக்கலாமே? கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் எலும்புத் தாதுவில் கெட்டியாகப் பிணைந்த அணுவின் சமிக்ஞை கண்மூடித் திறப்பதற்குள் அழிந்துவிடும், அளவும் சொற்பம். சாதாரண ஸ்கேனரில் இதற்கு அலைபரப்பியே கிடையாது. தனி வன்பொருள், தனி காயில், அதை ஓட்டத் தெரிந்த இயற்பியலாளர் எல்லாம் வேண்டும். ஒரு பிஎச்டிக்கு அருமையான தலைப்பு. இரண்டு மாவட்ட மக்களை ஆராயும் திட்டத்தின் அடித்தளமாக இதை வைக்க முடியாது.

7 டெஸ்லாவையும், பிரான்சில் 2024இல் முதல் மனித மூளைப் படங்களை வெளியிட்ட 132 டன் எடையுள்ள 11.7 டெஸ்லா இஸ்யூல்ட் மெஷினையும் இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. தெரிந்துகொள்ள நல்ல விஷயங்கள், அவ்வளவே.

உண்மையிலேயே 3 டெஸ்லா தேவைப்படுகிறவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களை மட்டும் பெங்களூருக்கு அழைத்துப் போகலாம். நிமான்ஸ் மாதிரி நிறுவனத்தோடு கைகோத்தால் 130 கிலோமீட்டர் தூரத்தில் வேலை முடியும். ஆனால் விறைத்த முதுகோடு ஒருவரைப் பென்னாகரத்திலிருந்து வேனில் உட்காரவைத்துக் கூட்டிப்போய் வருவது லேசுப்பட்ட காரியமில்லை. எல்லோருக்கும் அதைச் செய்ய முடியாது.

1.5 டெஸ்லாவும், கரண்ட்டும்

நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் பரவலாக இருப்பது 1.5தான். ஓட்டத் தெரிந்த டெக்னீஷியன் கிடைப்பார், உதிரி பாகம் உடனே கிடைக்காவிட்டாலும் இரண்டு நாளில் பெங்களூரிலிருந்து வந்து சேரும். முதுகெலும்புக்குப் படத் தரம் தாராளம். இங்கே முடிவு செய்ய வேண்டியது பழைய வகைக் காந்தமா, புதிய மூடிய வகையா என்பது.

காந்தச் சுருள் நியோபியம்-டைட்டானியம் கம்பியால் ஆனது. மின்தடை இல்லாமல் இருக்க அதை ஹீலியம் கொதிக்கும் நிலையான மைனஸ் 269 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். பழைய வகையில் சுமார் 1,500 லிட்டர் திரவ ஹீலியத்துக்குள் சுருள் மூழ்கிக் கிடக்கும். ஏதோ காரணத்தால் சுருள் சூடேறினால் அத்தனை திரவமும் ஒரேயடியாக வாயுவாகும். ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பத்தில் 700 லிட்டருக்கு மேல் வாயுவாவதால், மொத்தம் பத்து லட்சம் லிட்டரைத் தாண்டும். அதைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடத்தான் அந்தப் பருத்த குவெஞ்ச் பைப். கட்டடத்தில் பாதி வில்லங்கம் அந்தப் பைப்பால் வரும். எந்த மாடியில் வைப்பது, பைப் எத்தனை வளைவோடு போகலாம், வாயில் கிளி கூடு கட்டாமல் எப்படிப் பார்ப்பது என்று ஆரம்பித்தால் முடியாது. அப்புறம் ஹீலியம் இறக்குமதிப் பண்டம். 2022இல் உலகெங்கும் தட்டுப்பாடு வந்தபோது விலை ஏறியதை ஸ்கேன் சென்டர் வைத்திருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பிலிப்ஸ் 2018இல் அறிமுகம் செய்த புளூசீல் காந்தத்தில் 7 லிட்டர் ஹீலியம்தான். ஆலையிலேயே ஊற்றி மூடிவிடுகிறார்கள். குவெஞ்ச் பைப் கிடையாது, திரும்ப நிரப்பும் தொல்லையும் இல்லை. கேட்டவுடன் எல்லோரும் இதற்கே கை தூக்குவார்கள். நானும் தூக்குவேன், ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு தூக்க வேண்டும்.

1,500 லிட்டர் ஹீலியம் இருக்கிற காந்தம், குளிர்விக்கும் கம்ப்ரஸர் நின்றாலும் நாள்கணக்கில் குளிர்ந்தே இருக்கும். ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், பணம் நஷ்டம், ஆனால் காந்தம் தாங்கும். 7 லிட்டர் காந்தத்துக்கு அந்தக் கையிருப்பு இல்லை. குளிர்விப்பு நின்ற சில மணி நேரத்தில் அது தன் காந்தப்புலத்தைத் தானாக இறக்கிக்கொள்ளும். ஹீலியம் உள்ளேயே பத்திரமாக இருக்கும், ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் திரும்பக் குளிரவைத்துப் புலத்தை ஏற்றும்வரை ஸ்கேன் நிற்கும். நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மதியம் இரண்டு, சில நாள் மாலை ஐந்து வரைகூட இபி லைன் வராது. கோடை மழையில் மரம் சாய்ந்தால் இரவு முழுக்கப் போனதும் உண்டு. ஆக இந்தக் காந்தத்துக்கு ஜெனரேட்டர் கட்டாயம், அதுவும் சரியான இடத்தில் இணைத்த ஜெனரேட்டர்.

பல இடங்களில் நடப்பது என்னவென்றால், கம்ப்யூட்டருக்கும் கேபினெட்டுக்கும் யுபிஎஸ் கொடுத்திருப்பார்கள், மெஷின் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைப்பார்கள். கம்ப்ரஸரைக் குளிர்விக்கும் தண்ணீரை அனுப்புகிற சில்லர் மொட்டை மாடியில் தனி லைனில் இருக்கும். கரண்ட் போனதும் சில்லர் நிற்கும். சில்லர் நின்றால் கம்ப்ரஸர் சூடேறித் தானே நின்றுவிடும். கம்ப்ரஸர் நின்றால் காந்தம் குளிர் இழக்கத் தொடங்கும். கன்ஸோல் அறையில் ஏசி ஓடும், திரை எரியும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். இரண்டு மாடிக்கு மேலே ஒரு பம்ப் சத்தமில்லாமல் நின்றிருக்கும். எனவே ஜெனரேட்டர் இணைப்பு வரைபடத்தில் சில்லர், சில்லர் பம்ப், கம்ப்ரஸர் மூன்றும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். நம் உப்புத் தண்ணீரையும் மறக்கக் கூடாது. நீர்க் கோபுரம் வைத்த சில்லர் எடுத்தால் ஒரே வருஷத்தில் குழாயில் உப்பு படிந்து குளிர்ச்சி குறையும். காற்றால் குளிரும் வகை, உள்சுற்றில் சுத்திகரித்த தண்ணீர் என்பதே இங்கே சரிப்படும்.

பெங்களூரின் வாக்ஸெல்கிரிட்ஸ் நிறுவனம் 2023இல் இந்தியாவிலேயே வடிவமைத்த 1.5 டெஸ்லா மெஷினை வெளியிட்டது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூர் என்கிற நம் வட்டாரத்துக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. வடிவமைத்தவர்களோடு நேரே பேச முடிகிற தூரம் ஆராய்ச்சிக்குப் பெரிய வசதி.

0.55 டெஸ்லா: பின்னோக்கிப் போன முன்னேற்றம்

நாற்பது வருஷமாகப் புலத்தை ஏற்றிக்கொண்டே போன துறை 2019 வாக்கில் ஒரு திருப்பம் எடுத்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு 1.5 டெஸ்லா மெஷினை வேண்டுமென்றே 0.55க்கு இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். நுரையீரல் படம் தெளிந்தது, உலோகக் கம்பி சூடாகும் பயம் குறைந்தது. 2020 கடைசியில் சீமென்ஸ் அதே 0.55இல் ஃப்ரீ மேக்ஸ் என்ற மெஷினை அறிவித்தது. ஹீலியம் ஒரு லிட்டருக்கும் குறைவு, குவெஞ்ச் பைப் இல்லை, எடை 3.2 டன், உயரம் இரண்டு மீட்டருக்குள். நமக்கு முக்கியமான எண் வேறு: துளை 80 செமீ.

தலையணையோடு, மடங்கிய கையோடு, கூனோடு ஒருவர் உள்ளே போக இந்த 80 இடம் கொடுக்கும். ஸ்க்ரூ போட்ட முதுகில் படம் குறைவாக நெளியும். பழைய கட்டடத்தின் கதவைப் பெரிதாக உடைக்காமல் உள்ளே கொண்டு போகலாம்.

விலை என்ன? சமிக்ஞை. 1.5ஐ 0.55ஆல் வகுத்தால் 2.7. அந்த இழப்பைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போட்டு மட்டும் ஈடுகட்டுவதாக இருந்தால் ஏழு மடங்கு நேரம் வேண்டும். ஐந்து நிமிடப் படம் முப்பத்தைந்து நிமிடம் ஆகும். யாரும் அப்படி எடுப்பதில்லை. குறைந்த புலத்தில் திசுக்கள் சீக்கிரம் இளைப்பாறி அடுத்த ரேடியோ துடிப்புக்குத் தயாராகிவிடும், புலம் சீராக இருப்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம். மீதிக் குறையைக் கணக்கு பார்த்துக்கொள்கிறது. 1999இல் வந்த சென்ஸ், 2002இல் வந்த கிராப்பா போன்ற பல காயில் உத்திகள், குறைவாக அளந்து முழுப் படத்தைக் கணக்கில் மீட்கும், 2007இல் வந்த கம்ப்ரஸ்டு சென்சிங், இப்போது டீப் லேர்னிங் என்று அடுக்கடுக்காக வந்தவை எல்லாம் சேர்ந்துதான் 0.55ஐ மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தன.

டீப் லேர்னிங் விஷயத்தில் மட்டும் நான் கறார். இரைச்சலை நீக்கிப் படத்தை வழவழப்பாக்கும் அந்த மென்பொருளுக்கு, தண்டுவடத்தின் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் வெள்ளைத் திட்டு உண்மையான சேதமா, இரைச்சலா என்று எப்படித் தெரியும்? பயிற்சி கொடுத்த படங்களில் ஃப்ளோரோசிஸ் முதுகு இருந்திருக்க வாய்ப்பு குறைவு. நாம் தேடுவதே அந்தத் திட்டைத்தான். இந்த வகை மீட்டெடுப்பில் சின்ன மாற்றம்கூடப் பெரிய பிழையாகலாம், சிறு கட்டிகள் மறையலாம் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே மென்பொருளுக்கு முந்தைய மூலத் தரவைச் சேமிக்கும் உரிமை இல்லாமல் 0.55 எடுக்கவே கூடாது. கிளினிக்குக்கு அது தேவைப்படாது. ஆராய்ச்சிக்கு அதுதான் கைமுதல்.

இன்னொரு குறை, கிரேடியன்ட் பலம். ஃப்ரீ மேக்ஸில் அது மீட்டருக்கு 26 மில்லிடெஸ்லா அளவில்தான். ஆராய்ச்சிக்கென்று செய்த கனெக்டோம் மெஷினில் 300. தண்டுவட டிஃப்யூஷன் ஆராய்ச்சியை இதில் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது.

கையால் கட்டும் காந்தம்

அடுத்தது ஓசூர்க்காரர்களுக்குப் பிடித்த வழி. 0.064 டெஸ்லாவில் ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின் சக்கரம் வைத்த மெஷின் 2020இல் அமெரிக்க அனுமதி பெற்றது. சாதாரண பிளக்கில் ஓடும், கட்டில் அருகே தள்ளிப் போகலாம். தலைக்கு மட்டும். பல ஏழை நாடுகளில் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பார்க்கும் யூனிட்டி ஆராய்ச்சி இதை வைத்துத்தான் நடக்கிறது. பிறந்தவுடன் மூச்சுத் திணறிய குழந்தையை வார்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் பார்க்க இது நல்ல கருவி. நம் கேள்விக்கு உதவாது: கழுத்தில் தண்டுவடத்தின் தடிமனே சுமார் 8 மிமீ, இதில் ஒரு துண்டின் தடிமன் 5 மிமீ.

இதையும் விடச் சுவாரசியமானது நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் திறந்த வடிவமைப்பாக வெளியிட்டது. சுமார் 3,000 சின்ன நியோடிமியம் கட்டிகளை ஹால்பாக் என்ற முறையில் வளையங்களாக அடுக்கினால் உள்ளே 0.05 டெஸ்லா அளவில் சீரான புலம் கிடைக்கும், வெளியே புலம் பெரிதாகக் கசியாது. ஹீலியமும் வேண்டாம், கரண்ட் போனாலும் காந்தம் காந்தம்தான். 2022இல் உகாண்டாவின் ம்பராராவில் உதிரிகளைக் கொண்டுபோய் அங்கேயே கட்டினார்கள். ஓசூர் சிப்காட்டில் அந்த வளையங்களைக் கடைசல் பிடிக்க ஆள் தேட வேண்டியதில்லை. ஹாங்காங் பல்கலைக்கழகக் குழு 2024இல் நிலைக்காந்தத்திலேயே 0.05 டெஸ்லா முழு உடல் ஸ்கேனர் கட்டி, முதுகெலும்பு உட்படப் படம் காட்டியது. மின் தேவை 1,800 வாட், வெளி ரேடியோ சத்தத்தைத் தடுக்கும் செம்புக் கூண்டு அறையும் இல்லை.

அப்படியானால் இதையே செய்யலாமே என்று தோன்றும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரி சூடானால் புலம் சுமார் 0.12 சதவீதம் குறையும். 0.05 டெஸ்லாவில் ஹைட்ரஜன் 2.13 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஒரு டிகிரிக்கு அது இரண்டரைக் கிலோஹெர்ட்ஸ் நகரும். சித்திரை மாதத்தில் ஏசி சரியில்லாத ஆய்வகம் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் ஐந்து டிகிரி ஏறினால் பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸ் போய்விடும், படம் கலைந்துவிடும். ஒவ்வொரு சில விநாடிக்கும் அலைவரிசையை அளந்து திருத்தும் சுற்று வேண்டும். அதோடு 2 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் எல்இடி விளக்கின் டிரைவரும் இன்வெர்ட்டரும் போடும் சத்தம் தாராளம். கூண்டு இல்லாத ஹாங்காங் மெஷின் அதைச் சமாளிப்பது, வெளியே தனிக் காயில்கள் வைத்து அந்தச் சத்தத்தைத் தனியாகக் கேட்டுக் கழித்துத்தான். பொறியியல் மாணவர்களுக்கு இவை அத்தனையும் அல்வாத் துண்டு. ஒவ்வொன்றும் ஒரு எம்இ புராஜெக்ட்.

நோயாளியை வைத்து எடுக்க வேண்டும் என்றால் நெறிமுறைக் குழுவும் மத்திய மருந்துத் தர அமைப்பின் அனுமதியும் தாண்ட வேண்டும். காந்தக் கட்டிகளுக்குச் சீனாவை நம்ப வேண்டும். 2025 ஏப்ரலில் அங்கே அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் பக்கத்து மின்ஸ்கூட்டர் தொழில் பட்ட பாடு நினைவிருக்கும். முதுகெலும்புத் திட்டத்தை இதன் தலையில் ஏற்றக் கூடாது. பர்கூரிலோ தருமபுரியிலோ பொறியியல் கல்லூரியில் தனிச் சிறு நிதியில், முதலில் பழத்தையும் தண்ணீர் பாட்டிலையும் படம் பிடிப்பதாகத் தொடங்கட்டும்.

ஏற்கெனவே இருக்கும் மெஷின்

வாங்காமலே செய்வது என்ற வழியை யாரும் விண்ணப்பத்தில் எழுத விரும்புவதில்லை. ஆனால் முதல் ஒன்றரை வருஷத்துக்கு இதுவே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். மருத்துவமனையில் ஏற்கெனவே ஓடும் 1.5இல் ஞாயிற்றுக்கிழமை காலை நேரத்தை வாங்கிக்கொள்ளலாம். மாலை நேரம் வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை 44இல் தொப்பூர்ப் பக்கம் விபத்து என்றால் எல்லாம் தள்ளிப்போகும், கிராமத்துக்குக் கடைசி பஸ் போய்விடும். ஃப்ரைபர்க்கில் உருவான பல்ஸெக் என்ற திறந்த மென்பொருளில் துடிப்பு வரிசையை நாமே எழுதி ஓட்டலாம், நிறுவனத்தோடு ஆராய்ச்சி ஒப்பந்தம் போட வேண்டும். எலும்பு மாதிரி சமிக்ஞை உடனே அழியும் திசுவைக்கூடப் பிடிக்கும் யுடிஇ வரிசையை இப்படி முயன்று பார்க்கலாம். நியூயார்க் பல்கலைக்கழகம் ஃபேஸ்புக்கோடு சேர்ந்து 2018இல் தொடங்கிய ஃபாஸ்ட் எம்ஆர்ஐ திட்டத்தின் மூலத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. மாணவர்கள் மீட்டெடுப்புக் கணக்கை அதில் பழகலாம். 60 செமீ துளைக்குள் எத்தனை பேர் படுக்க முடியாமல் திரும்புகிறார்கள் என்ற எண்ணிக்கையும் அதற்குள் கையில் வந்துவிடும். 80 செமீ மெஷினுக்கு நிதி கேட்கும்போது அதைவிடப் பலமான ஆதாரம் எது?

ஆகவே என் தேர்வு: முதலில் இருக்கும் 1.5, அந்த எண்ணிக்கை தேறினால் 0.55. படுக்க முடியாமல் திரும்புகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் என்று தெரிந்தால் 70 செமீ துளையுள்ள, மூடிய ஹீலியம் 1.5ஐ எடுப்பேன், ஏனென்றால் அப்போது சமிக்ஞையை விட்டுக்கொடுக்கக் காரணம் இல்லை. 3 டெஸ்லா பெங்களூரிலேயே இருக்கட்டும்.

எதை எடுத்தாலும் டெண்டரில் சில வரிகளை எழுத்தில் வாங்குங்கள். குளிர்விப்பு நின்ற பிறகு காந்தம் எத்தனை மணி நேரம் புலத்தோடு தாங்கும், இறங்கினால் திரும்ப ஏற்ற எத்தனை மணி நேரம், ஏற்றுவதற்கு ஆள் வர வேண்டுமா அல்லது நம் டெக்னீஷியனே செய்யலாமா, அதற்குத் தனிக் கட்டணமா. மூலத் தரவு எந்த வடிவில் வெளியே வரும். வளையும் காயில் எத்தனை, அது கிழிந்தால் சிஎம்சியில் (முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) சேருமா. விற்பனையாளர் வாயால் "பார்த்துக்கலாம் சார்" என்று சொல்வது இதில் எதற்கும் கணக்கில்லை. சில்லரை ஜெனரேட்டரில் இணைக்கும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். அது மெஷின் விலையில் இருக்காது, கட்டட ஒப்பந்தத்திலும் இருக்காது.